உள்ளே விட்ட துணி

அந்தத் தெருவில் தையல்காரியிடம் துணி கொடுப்பவர்கள் எல்லாருக்கும் ஒன்று தெரியும். எதைத் தைத்தாலும் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பாள். பள்ளிக்கூடப் பாவாடை என்றால் கீழே சாண் அகலத்துக்கு மடிப்பு இருக்கும். சட்டை என்றால் பக்கத் தையலுக்கு உள்ளே விரல் நுழைகிற அளவுக்குத் துணி ஒளிந்திருக்கும். பிள்ளை வளர வளரப் பிரித்து விட்டுக்கொண்டே போகலாம். அவளுடைய அம்மாவும் அதே மெஷினில் அப்படித்தான் தைத்தாள். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கமில்லை. மூக்கும் முழியும் வருவதுபோல் அதுவும் கூடவே வந்தது.

அவள் தங்கையின் கணவன் பஸ் ஓட்டுகிறவன். வாய் சும்மா இருக்காது. "அக்கா தச்ச பேண்டைப் பிரிச்சா உள்ள இன்னொரு பேண்ட் இருக்கும். அதையும் பிரிச்சா ஒரு கைக்குட்டை கிடைக்கும்" என்று போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அவளும் விடமாட்டாள். "உன் தொப்பையை நம்பித்தான் தம்பி விட்டேன். அது என்னைக் கைவிடல" என்பாள்.

துணி விடாமல் அவள் தைத்தது ஒரே ஒரு வகை உடைதான். அதைப் பற்றி அவள் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

குறைமாதத்தில் பிறந்து, தங்காமல் போய்விடும் குழந்தைகளுக்கு எந்தக் கடையிலும் உடை கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ், தையல்காரியின் சபையைச் சேர்ந்தவள். ஒருநாள் ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது அவள் சொன்னாள்: "அப்பாக்காரங்க பொம்மைக் கடைக்குப் போறாங்கக்கா. பொம்மைக்குப் போடற சட்டையை வாங்கிட்டு வந்து, இது போதுமா சிஸ்டர்னு கேக்கறாங்க." தையல்காரி அங்கேயே நின்று எல்லாரிடமும் வெள்ளைத் துணி கேட்டாள். அடுத்த வாரமே சபைப் பெண்கள் பீரோவில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த தங்கள் கல்யாணக் கவுன்களைக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். சாட்டின், நெட், லேஸ் எல்லாம் வெள்ளை. ஒரு கவுனிலிருந்து எத்தனையோ சின்ன அங்கிகள் வந்தன.

நர்ஸ் அளவை எண்ணாகச் சொல்வதில்லை. அவளுக்கு வாய் வராது. காயத்துக்குக் கட்டும் வலைத்துணியில் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவருவாள். துண்டின் நீளம்தான் குழந்தையின் கழுத்திலிருந்து கால்வரை. மார்பின் சுற்றளவுக்கு அதில் ஒரு முடிச்சு இருக்கும். தையல்காரி அதை மெஷின்மேல் நீட்டி வைத்துத் துணி வெட்டுவாள். முதுகுப் பக்கம் திறப்பு, கட்டுவதற்கு இரண்டு ரிப்பன். ஓரத்தை மடிக்கக்கூட மாட்டாள். லேஸ் வைத்து அப்படியே முடித்துவிடுவாள். அங்கே அளவு என்றால் அளவுதான். விட்டுத் தைக்க என்ன இருக்கிறது?

பாஸ்டர் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "இவ்வளவு நடந்தும் விசுவாசத்தை விடாம பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்கம்மா" என்பார். அவள் கணவன் சிறுநீரகம் கெட்டு, நாள்பட்டுக் கிடந்து இறந்தான். பிள்ளை இல்லை. அம்மா போனபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தங்கையை அவள்தான் வளர்த்து ஆளாக்கினாள். ஆனால் எதையோ பிடித்துக்கொண்டு நிற்பதாக அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பிடியை விடத் தெரியவில்லை, அவ்வளவுதான். வாய் நிறைய குண்டூசியைக் கவ்விக்கொண்டு தைக்கிறவள் என்பதால் அவள் ஜெபமும் வாயைத் திறக்காத ஜெபம். "உன் ஜெபம் வெளிய வந்தா ஆண்டவருக்கு ஊசி குத்திடும்" என்று தங்கை கேலி செய்வாள்.

ஆண்டவரின் கல்லறைக்குள் குனிந்து பார்த்தவர்களுக்குச் சுற்றியிருந்த துணி மட்டும் தெரிந்தது, தலைத்துணி தனியே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது என்று சபையில் வாசிக்கும்போது மட்டும் அவள் நிமிர்ந்து உட்காருவாள். வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொல்லியும் இருக்கிறாள். "செத்து எழுந்தவர் அப்படியே எழுந்து ஓடல பாரு. துணியை ஒழுங்கா மடிச்சு வச்சிட்டுத்தான் போயிருக்கார்."

"உனக்கு அங்கயும் துணிதான் கண்ணுல படும்" என்றாள் தங்கை.

தங்கை கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. கண்ணுக்குத் தெரியாத கீறலையும் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள். கல்யாணமாகி நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து, கடைசியில் இரட்டைக் கர்ப்பம் என்று தெரிந்ததும் பஸ்காரன் டிப்போ முழுக்க மிட்டாய் கொடுத்தான். ஸ்கேனில் ஒருவன் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தான், மற்றவன் அவனுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவர்களுக்குப் பெரியவர், சின்னவர் என்று பெயராகிவிட்டது. "பெரியவர் உதைக்கிறாரா? சின்னவர் இன்னும் தூங்குறாரா? சீட்டு இல்லைன்னு சொல்லி எழுப்பு" என்று வயிற்றுக்குப் பக்கத்தில் குனிந்து பேசுவான்.

ஏழாம் மாதம் பிறந்ததுமே வலி வந்துவிட்டது.

இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் இருவரும் படுத்திருந்தார்கள். தையல்காரி அவர்களைப் பார்த்துவிட்டுக் கடைக்குத் திரும்பினாள். வந்தும் மெஷின்முன் உட்கார முடியவில்லை. அத்தனை அங்கிகள் தைத்தவள்தான். ஆனால் அந்த அங்கிக்குள் இருக்கப்போகிறவர்களை அவள் ஒருபோதும் உயிரோடு பார்த்ததில்லை. இவர்கள் தோலுக்குள்ளே நூல் நூலாக ரத்தம் ஓடுவது தெரிந்தது. நகம் இருந்தது. ஒவ்வொரு விரலிலும் நகம் இருந்தது. யார் உட்கார்ந்து இவ்வளவு பொடியாகத் தைத்தது என்று நினைத்தாள். நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது.

பிறகு ஒருநாள் காலையில், சீருடைத் துணிகள் குவிந்து கிடந்த கடைக்குள் நர்ஸ் வந்து நின்றாள். எப்போதும் கொண்டுவருகிற பை இல்லை. கையில் ஒரே ஒரு வலைத்துணித் துண்டு. அதை மெஷின் பலகைமேல் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

தையல்காரி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். கடைசி ஊசியையும் குத்தின பிறகுதான் கேட்டாள்.

"யாரு?"

"பெரியவர்."

பெரியவரா என்று அவள் மனம் தடுமாறியது. இத்தனை நாளும் எல்லாரும் பயந்தது சின்னவரை நினைத்துத்தான்.

"அவ எப்படி இருக்கா?"

"சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்காங்க. நேத்துதான் முதல் தடவையா பெட்டி ஓட்டை வழியா கையை விட்டுப் பெரியவரைத் தொட்டாங்க. சாயங்காலமே இப்படி ஆயிடுச்சு. அது ரத்தத்துல கிருமி வந்ததால, தொட்டதால இல்லன்னு டாக்டர் சொல்லிட்டார். அவங்க காதுல ஏறல. சின்னவரைப் பார்க்கவே மாட்டேங்கறாங்க. நான் தொட்டா இதுவும் போயிடும்ங்கறாங்க." நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பெட்டி சூடு கொடுக்குதுக்கா. ஆனா அம்மா மாருல போட்டுக்கற சூடு வேற. சின்னவர் எடை இறங்கிட்டே வருது. அவங்க மனசு மாறணும், அதுவும் சீக்கிரம் மாறணும்."

நர்ஸ் போன கொஞ்ச நேரத்தில் பஸ்காரன் வந்தான். டிப்போவிலிருந்து அப்படியே வந்திருந்தான்; காக்கிச் சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தது. கையில் பெரிய பை.

"என்ன தம்பி இது?"

"அவளோட கல்யாணக் கவுன். நீங்க தச்சது. வேற யாரோட கவுன்லயோ அவனை அனுப்ப மனசு வரல."

"அவ குடுத்தாளா?"

"கேட்டேன். என்னமோ பண்ணுங்கன்னா. சரின்னுதானே அர்த்தம்?"

"அதுக்குப் பேரு சரி இல்ல தம்பி."

"எனக்கு வேற சரி கிடைக்கலக்கா" என்றான்.

அவனுடைய பட்டனைச் சரியாகப் போட்டுவிட்டு அனுப்பினாள். பிறகு கவுனை மேஜைமேல் விரித்தாள். மேலே துணி லேசாகப் பழுப்பேறியிருந்தது. எங்கே கத்தரி வைப்பது என்று தெரியாமல் கையால் தடவிக்கொண்டே போனவள் கீழ் ஓரத்துக்கு வந்ததும் நின்றாள். சாண் அகலத்துக்கு, இரட்டையாக மடித்து அவள் விட்டிருந்த துணி. அன்றைக்கே தங்கை சிரித்தாள்: "கல்யாணக் கவுனுக்கு எதுக்குக்கா மடிப்பு? நான் இன்னுமா வளரப்போறேன்?"

மெதுவாகத் தையலைப் பிரித்தாள். உள்ளேயிருந்த துணியில் வெளிச்சமே பட்டதில்லை. கல்யாணத்தன்று இருந்த வெள்ளை அப்படியே இருந்தது. வலைத்துணித் துண்டை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். போதும். போதியது போக மிச்சமும் இருந்தது. கவுனின் வெளிப்பக்கத்தில் கத்தரி படவே வேண்டாம்.

அவள் ஜெபிக்க முயன்றாள். ஒன்றும் வரவில்லை. வாயில் ஊசி இல்லாதபோதும் வரவில்லை. சரி, தைப்போம் என்று உட்கார்ந்தாள். அம்மாவின் மெஷின் டகடகவென்று ஓடியது. கண்ணில் நீர் நிறைந்து துணி தெரியாமல் போனபோதும் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. தைத்து, இஸ்திரி போட்டு, சுத்தமான துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தங்கையின் அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, திரை போட்ட ஜன்னல். அவள் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள்.

"நான்தான்" என்றாள் தையல்காரி.

"ஜெபம் பண்றதா இருந்தா வெளிய போய் பண்ணு."

"இல்ல. சும்மா உக்காந்திருக்கேன்."

"மனசுக்குள்ளயும் பண்ணாத."

"அது என் கையில இல்லடி."

தங்கை திரும்பவில்லை. ஆனால் தோள் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது. சிறிது நேரம் கழித்து நர்ஸ் வந்தாள், கையில் மூடிய கூடையோடு. பெரியவரைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்திருந்தாள். "பாஸ்டர் கீழ இருக்கார். அம்மா பார்க்கணும்னா பார்க்கலாம். வேணாம்னாலும் ஒண்ணுமில்ல" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக் கூடையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள்.

தையல்காரிதான் உடுத்தினாள். அந்தக் கையைப் பிடித்து ஸ்லீவுக்குள் நுழைக்கும்போது அவளுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன, எதையோ பிடித்துக்கொண்டு வந்தவன் அதை விடாமலே போய்விட்டதுபோல. முதுகில் ரிப்பனைக் கட்டினாள். அங்கி முழங்கால் தாண்டிக் கால்வரை வந்து சரியாக நின்றது.

"என் கவுனா?" சுவரைப் பார்த்தபடியே தங்கை கேட்டாள்.

"உன் கவுன்தான். கீழ மடிப்புல இருந்து எடுத்தேன். மத்தபடி கவுன் முழுசா இருக்கு."

தங்கை திரும்பினாள். உடனே குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தாள். கையை நீட்டி அங்கியின் ஓரத்தை மட்டும் தொட்டாள். கட்டைவிரல் ஓரத்தோடு நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. லென்ஸில் கீறல் தேடும்போது அப்படித்தான் தடவுவாள்.

"அக்கா."

"என்னடி?"

"இதுல உள்ள துணி விட்டிருக்க."

தையல்காரி ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது. லேஸ் வைத்து முடிக்க வேண்டிய இடத்தில், மிச்சத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, பிரிக்க எளிதாக இருக்கும்படி அகலத் தையல் போட்டிருந்தாள். பக்கத்திலும் விட்டிருந்தாள். கைக்குழியிலும் விட்டிருந்தாள். பள்ளிக்கூடம் திறக்கும் முன் யார் பிள்ளைக்கோ சட்டை தைப்பதுபோலத் தைத்திருந்தாள். இத்தனை அங்கிகளில் ஒன்றில்கூட அவள் செய்யாத தப்பு.

"ஐயோ, கண்ணு... நான் பார்க்கலடி. கை பழக்கத்துல... குடு, பிரிச்சுடறேன். கத்தரி பையிலதான் இருக்கு." அவள் பையைத் தேடினாள். அவசரத்தில் பை கீழே விழுந்தது.

"இரு" என்றாள் தங்கை.

அங்கியின் ஓரத்தை அவள் விடவில்லை. அந்த மடிப்பு அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அவள் பாவாடையில் இருந்தது. வருஷா வருஷம் பிரித்து விடும்போது பழைய மடிப்பின் கோடு மட்டும் துணியில் தங்கிவிடும். "வெட்டின மரத்து வளையத்தைப் பார்த்து வயசு எண்ணுற மாதிரி உன் பாவாடையைப் பார்த்து எண்ணலாம்" என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்திருக்கிறார்கள். அதற்காக அழுதும் இருக்கிறாள்.

"யாரு வளரப்போறான்னு விட்ட?"

குரலில் கோபமில்லை. கேள்வி மட்டுமே இருந்தது. பாஸ்டராக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். தையல்காரி கீழே விழுந்த பையையும் தன் கைகளையும் பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் இருந்தது.

"எனக்குத் தெரியலடி. நான் நினைச்சு விடல. ஜெபம்கூட வரல எனக்கு. அந்த நேரத்துல அவன் வளருவான்னு என்கிட்ட யாராவது சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன்." நிறுத்தினாள். "ஆனா கை விட்டிருக்கே. நல்லா தாராளமா விட்டிருக்கே."

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தங்கை இப்போதுதான் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"அங்க யாரு பிரிச்சு விடுவா?" என்று கேட்டாள்.

"அம்மா இருக்காளே" என்றாள் தையல்காரி.

யோசித்துச் சொல்லவில்லை. என்றோ போய்விட்ட அம்மா அடுத்த தெருவில் இருக்கிறாள் என்பதுபோல வாயிலிருந்து வந்துவிட்டது. தையல்காரியின் கழுத்துக்குப் பின்னால் மயிர் சிலிர்த்தது. ஆயுசு முழுக்க ஞாயிறு தவறாமல் எழுந்து நின்று, உயிர்த்தெழுதலை நம்புகிறேன் என்று எல்லாரோடும் சேர்ந்து சொன்னவள்தான் அவள். அது இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கை நீட்டினால் துணி தட்டுப்படுகிற தூரத்தில்.

தங்கையின் முகம் மெதுவாக உடைந்தது. அழுகை வந்தது, வீட்டில் எல்லாரும் பயப்படும்படி இத்தனை நேரம் வராமல் இருந்த அழுகை. அக்கா கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். எவ்வளவு நேரமோ தெரியாது. அழுது முடிந்ததும் தங்கை எழுந்து உட்கார்ந்து, பெரியவரைக் கையில் எடுத்து, நெற்றியில் முத்தமிட்டாள். அங்கியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"பிரிக்காத. இப்படியே போகட்டும்."

பிறகு நர்ஸைப் பார்த்தாள். "சிஸ்டர், சின்னவர் எங்க?"

சக்கர நாற்காலியைத் தையல்காரிதான் தள்ளினாள். குறைமாதக் குழந்தைகள் அறை வாசலில் தங்கை கைகளைக் கழுவினாள். சோப்பு நுரை போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள். "போதும்மா, தோல் உரிஞ்சிடும்" என்று நர்ஸ் குழாயை மூடினாள். பெட்டியின் முன்னால் வந்ததும் தங்கை கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான்."

"நீ பயப்படக் கூடாது. நீதானே விசுவாசி."

"பயம் இல்லைன்னா அப்புறம் எதுக்குடி விசுவாசம்? சும்மா இருந்துட்டுப் போகலாமே."

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்கிற மாதிரி ஏதோ செய்தாள். பிறகு சட்டைப் பட்டனைக் கழற்றினாள். நர்ஸ் குழாய்களையும் ஒயர்களையும் ஒருபக்கமாக ஒதுக்கி, சின்னவரைத் தூக்கி, அம்மாவின் மார்மேல் குப்புறப் படுக்க வைத்தாள். மேலே ஒரு போர்வை போர்த்தினாள்.

முதலில் அவன் முகம் சுளித்தான். பக்கத்திலிருந்த மானிட்டரின் சத்தம் மாறியது. தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நர்ஸ் மானிட்டரைப் பார்த்தபடி, "இருங்க, இருங்க, அவருக்கு டைம் குடுங்க" என்றாள்.

நேரம் போனது. அப்புறம் அந்தச் சின்ன முதுகு ஏறி இறங்குவதும், அவன் படுத்திருந்த பெரிய மார்பு ஏறி இறங்குவதும் ஒன்றுக்குப் பின் ஒன்று என்றில்லாமல் சேர்ந்து போக ஆரம்பித்தன. தையல்காரி அதைப் பார்த்தாள். தையல் மெஷினில் மேல்நூலும் கீழ்நூலும் சிக்கல் தீர்ந்து ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் நேரம் உண்டு. சத்தத்திலேயே தெரியும். அதுபோல் இருந்தது. மானிட்டரின் சத்தமும் பழையபடி ஆனது. அவன் கையைத் திறந்து, அம்மாவின் தோலில் வைத்து, வைத்த இடத்திலேயே விட்டுவிட்டான். தையல்காரி செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதை நர்ஸ்தான் முதலில் கவனித்தாள். எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது.

மதியம் பெரியவரை அடக்கம் செய்தார்கள். தங்கை வரவில்லை, சின்னவரை மார்விட்டு இறக்க மனமில்லாமல், "நீ போய்ட்டு வாக்கா, நான் இவனோட இருக்கேன்" என்றாள். கல்லறைத் தோட்டத்தில் வெயில் இருந்தது, காற்றும் இருந்தது. பெட்டி அவ்வளவு சின்னதாக இருந்ததால் பஸ்காரன் யாரிடமும் கொடுக்காமல் தானே கையில் ஏந்தி வந்தான். ஸ்டியரிங் பிடித்துத் தழும்பேறிய கைகள். பாஸ்டர் சுருக்கமாக ஜெபித்தார். தையல்காரி கண்ணை மூடவில்லை. மண்ணுக்குள் இறங்குகிற பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மூடின இருட்டில் அந்த மடிப்பு இருந்தது. பிரிக்க எளிதாக அகலத் தையல் போட்டது.

எல்லாம் முடிந்து வெளியே வரும்போது பஸ்காரன் அவள் பக்கத்தில் நடந்தான்.

"அவ சொன்னா. உள்ள துணி விட்டிருக்கீங்களாம்."

"ஆமா தம்பி."

"எவ்வளவு விட்டிருக்கீங்க?"

அவள் இரண்டு விரல்களை விரித்துக் காட்டப் போனாள். அப்புறம் கையைக் கீழே இறக்கினாள்.

"நடக்கற வரைக்கும் பத்துமாக்கா?"

"பள்ளிக்கூடம் போற வரைக்கும் பத்தும்" என்றாள் தையல்காரி.

அவன் தலையாட்டினான். கண்ணைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். "அப்ப சின்னவருக்கும் அதே மாதிரி ஒண்ணு தச்சுடுங்க. அளவு நான் எடுத்துட்டு வர்றேன்."

"அளவு வேணாம்" என்றாள் அவள். இருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற தெருவில் திரும்பினார்கள்.